பெரிய மேட்டே போதும் என்றேன்

மழைக்காலம் வருகிறதே என்று எங்கள் மாருதிக்கு ரப்பர் மேட் வாங்கினேன். "அது அம்பாசடருக்கு உள்ளதும்மா, பெருசா இருக்கும்" என்றார் கடைக்காரர். சேறு எங்கும் படாதே என்று அதையே எடுத்தேன்.

அடுத்த வாரம் ஸ்ரீவைகுண்டம் போகும்போது, டிரைவர் இசக்கி காரை வாழைத்தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார். "பிரேக் அமுங்கலம்மா" என்றார். மெக்கானிக்கோ மேட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சோதித்து, பிரேக் நன்றாக இருக்கிறது என்று மேட்டைப் பழையபடி போட்டுக் கொடுத்தார். யாரை நம்புவதென்று தெரியாமல் குழம்பினேன். இசக்கி குடித்திருப்பாரோ என்று தோன்றியது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

பத்து நாள் கழித்து நானே ஓட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே வந்தார்கள். பிரேக் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன். குனிந்து பார்த்தால், மேட் நகர்ந்து பிரேக்குக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

நேரே இசக்கி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?" என்று பதறினார்.

"இல்லை. திரும்ப வேலைக்கு வாங்க அண்ணாச்சி."

"வேற வண்டி ஓட்டுதேம்மா. அந்த மேட்டை மொதல்ல எடுத்துப் போடுங்க."

வாழைத்தோட்டத்தில் நானும் காரில்தான் இருந்தேன். அப்போதே ஏன் குனிந்து பார்க்கவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.