வண்டியை விட்டு இறங்காத பெரியப்பா

என் மகன் வேலைக்காக வெளியூர் போனபோது அவனுடைய காரை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடுமே என்று தினமும் போனில் கவலைப்படுகிறான். என் உடம்பைப் பற்றி விசாரிப்பது அதற்குப் பிறகுதான். போன வாரம் வந்து பார்த்த மெக்கானிக், "மைனஸ் வயரைக் கழட்டிப் போட்டுட்டா சார்ஜ் அப்படியே நிக்கும்க்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் முழித்தார். விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அருப்புக்கோட்டையில் எங்கள் பெரியப்பா பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கினார். பருத்தி வியாபாரம் அந்த வருடம் நன்றாக இருந்தது. வாங்கினாரே தவிர ஓட்டவில்லை. வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் போகும், தெருவில் நிறுத்தினால் ஆடு ஏறும் என்று பருத்தி மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குள்ளேயே நிறுத்தி, நான்கு பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து மூடி வைத்தார். கடைக்கு நடந்துதான் போவார். வேட்டியை விலக்கி எப்போதாவது சாவியைத் திருப்பினால், "கட்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்து பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். "மொதலாளி, நின்ன எடத்துலயே உறும விட்டாச் சார்ஜ் ஏறாது. வாரம் ஒருவாட்டி ரோட்டுல ஓட்டணும். மேடு பள்ளத்துல போகாதீக, பேட்டரிக்குள்ள பிளேட்டு உதிர்ந்துரும்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா திருச்சுழி ரோட்டில் ஓட்டிப் போனார். பக்கத்தில் பெரியம்மா. பின்சீட்டில் நான். வலது பக்கப் பின்கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் அத்தனை பிள்ளைகள் இருக்க, பெரியம்மா என்னைத்தான் கூப்பிட்டார். நான் எங்கே போனாலும் என்ன பார்த்தாலும் வாயைத் திறக்காத பிள்ளை. எனக்குக் கை பலம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சுழி ரோடு அப்போது ரோடாக இல்லை. பள்ளத்துக்குப் பள்ளம் பெரியப்பா, "பிளேட்டு, பிளேட்டு" என்று பதறினார். ஒரு மாட்டு வண்டி மணியை ஆட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. திரும்பி வரும்போது பெரியம்மா வெளியே கருவேலமரங்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"விருதுநகர் ரோடு நல்லா வழுவழுன்னு கெடக்காம். பஸ்ஸே குலுங்காமப் போகுதாம்."

பெரியப்பா காதில் விழாதவர் மாதிரி ஹாரனை அழுத்தினார். காரணம் இருந்தது. விருதுநகர் ரோட்டில் பாலவனத்தம் இருக்கிறது. பாலவனத்தத்தில் பெரியம்மாவின் அண்ணன் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக் காதுகுத்து விருந்தில், வடை பரிமாறியவர் பெரியப்பாவின் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டார். பெரியப்பா கேட்கவில்லை. கடைசிவரை காத்திருந்து பார்த்துவிட்டு, எழுந்து கை கழுவி, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். "வேணும்னாக் கேட்டு வாங்கித் திங்க வேண்டியதுதான?" என்று பெரியம்மாவின் அண்ணன் சொன்னதாக மறுநாள் சேதி வந்தது. அதோடு போக்குவரத்து நின்றது. பெரியம்மா போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புருஷன் மிதிக்காத படியை அவர் எப்படி மிதிப்பார்? பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், இரண்டு வருடமாகப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு வண்டி விருதுநகர் ரோட்டில் போனது. பேட்டரிக்காகத்தான். பாலவனத்தம் வந்ததும் வண்டியைத் திருப்ப வேண்டும். பெரியப்பாவுக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. ஒரே வட்டமாகத் திருப்புவதற்கு அகலமான இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று பெரியம்மா சொன்னார். அது அவருடைய அண்ணன் வீட்டுக்கு முன்னால் இருந்த களம்.

பாதி வட்டத்தில் வண்டி நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பாது. பெரியம்மாவின் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரிப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஆத்தாடி, எங்க நாத்தனாவுல்ல!" என்று ஈரக்கையோடு ஓடிவந்தார். கார் ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். இன்ஜின் சத்தத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எளச்சுட்டீகளே மதினி!" என்றார் பெரியம்மா.

"நீ மட்டும் என்னவாம், கழுத்தெலும்பு தெரியுது!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏத்தா பாப்பா, வண்டி எதுக்கு நிக்குதுன்னு ஒங்க பெரியப்பாவக் கேளு."

பெரியப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார். "பேட்டரிக்கு ஓட்டம் வேணும்னு மெக்கானிக் சொல்லிருக்காருன்னு சொல்லு. யாரும் எறங்கலன்னும் சொல்லு."

நான் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பேரும் அடுத்தவர் சொன்னதைக் கேட்காதவர் மாதிரி, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். நான் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் போனபோது ஒரு தட்டு உளுந்துவடை ஜன்னலுக்கு வந்தது. பெரியப்பா வண்டியை விட்டு இறங்காமலே நான்கு தின்றார். அதற்கடுத்த வாரம் பேப்பர் மடிந்து நாற்காலியில் கிடந்தது. இரண்டு ஆண்களும் கார்புரேட்டரைப் பற்றி ஒருவரையொருவர் பார்க்காமலே நெடுநேரம் பேசினார்கள். இப்படியே பேட்டரி நல்ல நிலைமையில் இருந்தது.

கெடுத்தது சித்தப்பா. எங்கேயோ கேட்டுவந்து, ஸ்பேனரும் கையுமாகக் கிட்டங்கிக்குள் போய் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டார். "இனிமே வாராவாரம் அலைய வேணாம்ணே. பெட்ரோலும் மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னார். பெரியப்பா கழன்று தொங்கிய வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லதுதான்லே" என்றார். நல்லதல்ல என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா தலைசீவிப் பூ வைத்து, மதினிக்கு முறுக்கு போட்ட மஞ்சள்பையோடு நின்றுகொண்டிருந்தார். "பெட்ரோல் மிச்சம்னா நல்லதுதான" என்று பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்பு இல்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பில்லை என்று சொன்ன சித்தப்பாவுக்கு மட்டும் பெரியம்மா உப்புச் சாடியையே எடுத்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை எங்களுக்குப் பள்ளி விடுமுறை. மத்தியானம் ஒளிந்து விளையாடும்போது நான் கிட்டங்கியில் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா வந்தார். வேட்டியை விலக்கிப் பானெட்டைத் திறந்து, வயரை மாட்டி இறுக்கினார். பிறகு உள்ளே உட்கார்ந்து கூரையில் இருந்த குட்டி விளக்கைப் போட்டார். அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அணைக்காமலே சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, மறுபடி வேட்டியால் மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பாவம், மறதி என்று நினைத்தேன். போய்ச் சொல்ல எனக்குக் கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "எதுக்கும் ஒருக்காப் பாத்துருவோம்" என்றார் பெரியப்பா. சித்தப்பா ஸ்பேனரோடு வருவதற்குள் அவரே பானெட்டுக்குள் குனிந்து, இரண்டு தடவை இருமி, "வயர மாட்டிட்டேன்" என்றார். சாவியைத் திருப்பினார். "கட்" என்றது.

"ஏலே! இதுதான் ஒன் மைனஸ் வயரோட லட்சணமா?"

"கழட்டித்தானண்ணே வச்சிருந்தேன்! எப்பிடி எறங்கும்?"

"எறங்கிருச்சுல்ல. தள்ளு!"

பெரியம்மா அதற்குள் மஞ்சள்பையோடு முன்சீட்டில் இருந்தார். எப்போது பூ வைத்தார் என்றே தெரியவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பாவும் தெருக்காரர்களும் தள்ளினார்கள். தெருமுனையில் வண்டி குலுங்கி உறுமிக் கிளம்பியதும், கூரையில் அந்தக் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சித்தப்பா மூச்சு வாங்க ஓடிவந்து ஜன்னலில் கைவைத்தார். "நில்லுண்ணே, எங்கயோ கரண்டு கசியுது. உள்ள பாத்துருதேன்" என்று தலையை உள்ளே நீட்ட வந்தார். பாவம், பெரிய மனுஷன், மறதிக்காகத் தம்பியிடம் பேச்சு வாங்கக் கூடாதே என்று எனக்கு இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, எட்டி விளக்கை அணைத்துவிட்டேன். கண்ணாடியில் பெரியப்பா என்னைப் பார்த்தார். வண்டி சித்தப்பாவை விட்டுவிட்டுப் பறந்தது. அவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

பாலவனத்தத்தில் வடைத்தட்டு ஜன்னலுக்கு வந்தபோது, பெரியப்பா தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வடையை எடுத்துப் பின்பக்கம் திரும்பி என் கையில் வைத்தார். ஒன்றுமே செய்யாத எனக்கு எதற்கு முதல் வடை என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.