பாட்டை நிறுத்தச் சொன்ன நாள்

மூன்று வருடங்களுக்கு முன், கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு காலையில், பெரியகல்லாற்றில் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், மீன்பிடித் தோணி கவிழ்ந்து இறந்துபோனார். மறுநாள் அடக்கம். நான் அப்போது கொழும்பில் இறையியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். செய்தி கேட்டதும் ஓடி வந்தேன்.

அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணீரே இல்லாமல் இருந்தாள். "அழாத புள்ள, மத்தாக்களுக்கு முன்னால நம்மட விசுவாசத்தின் சாட்சி கெட்டுப்போகும். நமக்கு உயிர்த்தெழுதல் இருக்கு" என்று சபையார் சொல்லிச் சொல்லியே அவளை அப்படி ஆக்கியிருந்தார்கள். ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அத்தானின் சொந்தமெல்லாம் சித்தாண்டி ஊர்; கோயில் கும்பிடுகிற சைவ ஆட்கள். பஸ் பிடித்து வந்திறங்கிய அந்தப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நெஞ்சில் அடித்து ஒப்பாரி தொடங்கினார்கள். அக்காவின் கையும் மெல்ல நெஞ்சுவரை உயர்ந்தது. உடனே சபைச் செயலாளர் கண்காட்ட, பாட்டுக் குழு ஓர்கன் வாத்தியத்தோடு ஒப்பாரியை அமுக்குகிற சத்தத்தில் பாட ஆரம்பித்தது. உயர்ந்த கை இறங்கிவிட்டது.

நான் எழும்பிப் போய் ஓர்கனை நிறுத்தினேன்.

"என்ன மனே இது? விசுவாசி வீட்டில ஒப்பாரியா?" என்றார் செயலாளர்.

"ஐயா, வேதத்தில ஸ்தேவானை அடக்கம்பண்ணின ஆக்கள் பக்தியுள்ளவங்கதானே? அவங்க துக்கங்கொண்டாடினாங்க எண்டுதானே வாசிக்கிறம்? கிரேக்கத்தில அந்த இடத்தில இருக்கிற சொல் கொபெற்றொஸ். நெஞ்சில அடிச்சு அழுறதுக்குத்தான் அந்தச் சொல்லு."

"கொழும்பில படிச்சிட்டு வந்து எங்களுக்கே வேதம் படிப்பிக்கிறியா?"

"ஓம் ஐயா. இண்டைக்கு மட்டும். அக்கா அழுது முடியிறவரைக்கும் பாட்டு இல்ல."

ஓர்கனை விட்டு நான் நகரவில்லை.

"அவன் சொல்றது எனக்கொண்டும் விளங்கல்ல. நீ வாகா புள்ள" என்று அத்தானின் தாய் அக்காவை இழுத்துத் தோளோடு சேர்த்தார். அக்கா நெஞ்சில் அடித்தாள். "காத்து மாறுது, போகாத எண்டு சொன்னனே, கேட்டியா?" என்று அத்தானைத் திட்டித் திட்டி அழுதாள். செயலாளரின் மனைவியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அழுது ஓய்ந்ததும் அக்கா தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகுதான் பாடினோம். அவளும் பாடினாள்.

இன்று பிரசங்கியாராக நானே மரண வீடுகளுக்குப் போகிறேன். உயிர்த்தெழுதலை நான் கொஞ்சமும் குறைத்து நம்பவில்லை. ஆனால், ஒருவரின் கை நெஞ்சுக்குப் போவதைக் கண்டால், அது தானாக ஓயும்வரை என் பாட்டுப் புத்தகம் மூடியே இருக்கும்.