முதுகைக் காட்டி நிற்கும் பாட்டில்

என் வீட்டு அலமாரியில் ஓர் ஒயின் பாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சைக் கண்ணாடி, ஒல்லியான நெடுங்கழுத்து, இன்னும் திறக்காத மூடி. தங்க முத்திரை ஒட்டிய அழகான முன்பக்கம் சுவரைப் பார்த்திருக்க, வருகிறவர்கள் கண்ணில் படுவது பின்பக்கத்துச் சின்னச் சீட்டுதான். திருப்பதியில் பெண்கள் விடுதி வார்டனாக இருப்பவள் வீட்டில் இதென்ன என்று வாயைப் பிளக்கிறார்கள். பிளந்த வாயை மூடுவதற்குள், வைத்ததுதான் வைத்தாய், ஒழுங்காகத் திருப்பி வைக்கக்கூடாதா என்றும் கேட்டுவிடுகிறார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் என் பிழைப்பு என்னாவது? அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்த ஒயினைச் செய்தவள் என் அக்கா. நகரிப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. வைக்கோல் பரப்பிக் காய் பழுக்கவைக்கும் அறைக் கதவை லேசாகத் திறந்து, தலையை மட்டும் உள்ளே விட்டு மோந்துவிட்டு, "இன்னிக்கி வேணா, நாளைக்கி எடுக்கலாம்" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தோட்டக்கலைப் படிப்பைத் திருப்பதியில் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். என்ன படிப்பு என்று வீட்டில் கேட்டதற்குத் திராட்சைப் படிப்பு என்றாள். திராட்சையை வைத்துக்கொண்டு ஜெர்மன்காரன் பாயசமா காய்ச்சுவான்? ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் எங்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

பயத்துக்குக் காரணம் நைனா, எங்கள் அப்பா. எங்கள் சின்ன வயதில் அவர் சாராயத்தில் கிடந்தவர். அம்மாவின் தாலிச் சரடு மஞ்சள் கயிறானதும் அக்காவும் நானும் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டதும் அந்தக் காலத்தில்தான். ஒருநாள் அம்மா அவரைக் காணிப்பாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். குளத்தில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு நைனா நின்றார். குடிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். உணர்ச்சி மீறிப்போய் எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து, "என் கையும் என் புள்ளைங்க கையும் இனிமே அதத் தொடாது சாமி" என்றுவிட்டார். அதோடு நின்றது குடி. அதன் பிறகு ஊரில் எந்தப் பெண்பிள்ளை புருஷனால் அழுதாலும் நேராக நைனாவிடம்தான் வருவாள். அவர் அந்த ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் முங்கவைத்துச் சத்தியம் வாங்கி வருவார். சாராயக்காரன் என்ற பெயர் போய், சத்தியக்காரர் என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது.

அக்கா படிப்பு முடிந்து அங்கேயே ஒரு திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்தாள். ஆற்றங்கரையில் நெட்டுக்குத்தான மலைச்சரிவு. கல்பலகைபோல் உடையும் கறுப்புப் பாறை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுக்குமாம். இயந்திரம் ஏறாத இடம், கையால்தான் பறிக்க வேண்டும். தோட்டத்துக்கார அம்மாள் வயதானவர். அக்காவின் மூக்கை நம்பி, ஒயின் நொதிக்கும் நிலவறையையே அவளிடம் ஒப்படைத்துவிட்டார். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றை எந்த நேரத்தில் குளிரவைத்து நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். "நம்ம பழுக்கவெக்கிற ரூம் வாசன எப்ப வந்துச்சோ அப்ப நிறுத்திட்டேன்டி" என்றாள் போனில். நடுவர்களுக்குப் பேர் ஊர் எதையும் காட்டாமல் ருசிக்கக் கொடுக்கும் பெரிய போட்டியில் அந்த ஒயின் தங்கம் வாங்கியது. அந்த அம்மாள் பின்பக்கத்துச் சீட்டில் அக்கா பெயரையும் போடச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதியதில் நைனாவின் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அங்கே எல்லாரும் அவளை நைனா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் யாராவது அவரை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா சும்மா விடுவாளா என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சித்தூர்ப் பெண் ஜெர்மனியில் ஒயின் செய்து தங்கம் வென்றாள் என்று தெலுங்குப் பேப்பரில் படத்தோடு போட்டுவிட்டார்கள். மாங்காய் மண்டியில் ஒருவர் நைனாவை நிறுத்தி, "மீ அம்மாயிக்கி மந்துலோ கோல்ட் மெடலா?" என்றாராம். உங்கள் பெண்ணுக்கு மந்தில் தங்கப் பதக்கமா என்று அர்த்தம்; மந்து என்றால் தெலுங்கில் மருந்தும்தான், சரக்கும்தான். அவர் எதைச் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதைக்கூட நைனா பொறுத்துக்கொண்டார். புருஷனைக் கூட்டிக்கொண்டு காணிப்பாக்கம் புறப்பட நின்ற ஒருத்தி, "உம் பொண்ணு அங்க காய்ச்சிக்கினு கீது, நீ எங்கூட்டுக்காரன சத்தியம் பண்ண இட்டுக்கினு போறியா?" என்று தெருவில் வைத்துக் கேட்டாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனவர்தான். பிறகு யாரையும் அவர் காணிப்பாக்கம் கூட்டிப்போகவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் இன்றைக்கும் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வருஷம் அக்கா வந்தாள். பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று நைனா சொல்லி அனுப்பியதால் அதைத் திருப்பதியில் என் வீட்டில் விட்டுவிட்டுத்தான் என்னோடு ஊருக்கு வந்தாள். ஒயின் செய்கிற நாங்கள் முழுங்குவதில்லை, ருசி பார்த்துத் துப்பிவிடுவோம் என்று சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிச் சுழற்றி வாசலில் துப்பிக் காட்டினாள். "துப்பறதுக்காடி அத்தினி தூரம் போன?" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை. "சாமி முன்னாடி நின்னு, இந்த வேலய வுட்டுட்டேன்னு சொல்லு. அப்பறந்தான் நீ எம் பொண்ணு" என்றார்.

மறுநாள் நால்வரும் காணிப்பாக்கம் போனோம். குளக்கரையில் அம்மா அக்காவின் காதோரம் கெஞ்சினாள். "சும்மா வாயால சொல்லிட்டுப் போடி. ஜெர்மனிக்கு வந்து சாமி பாக்கப்போவுதா?" கற்பூரம் அணைந்தாலே நடுங்குகிற அம்மாதான் அப்படிப் பேசினாள். அக்கா முங்கி எழுந்து, ஈரப் புடவையோடு சந்நிதியில் நின்றாள். அர்ச்சகர் "செப்பம்மா" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில், "என்னால பொய் சொல்ல முடியாது சாமி. இந்த வேலய நான் வுடமாட்டேன்" என்றாள். நைனா திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். அவரும் அம்மாவும் சித்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் திருப்பதி பஸ்ஸில். புத்தலப்பட்டு தாண்டியதும் அக்கா, "நானும் நைனா மாதிரிதான்டி. அங்க நின்னா பொய்யி வர்ல" என்று சொல்லி அழுதாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை இல்லாதிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். வாயால் ஒன்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருப்பாள், அப்பாவும் மகளும் இன்றைக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு இருவர் மேலும் ஆத்திரம்தான் வருகிறது. அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவேயில்லை.

போன கோடையில் நைனாவுக்குத் திருப்பதியில் கண்புரை ஆபரேஷன் ஆனது. என் வீட்டில்தான் தங்கினார். ஆட்டோ சத்தம் கேட்டதும் பாட்டிலைத் தூக்கிச் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களின் பின்னால் அவசரமாகச் செருகினேன். கட்டுப் பிரித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலண்டர், பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு திரிந்தார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது பாங்கியில் கையெழுத்துப் போடும் தன் பெயர் மட்டும்தான். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வந்தவர் பருப்பு டப்பாக்களின் இடுக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா அது, எம் பேரு மாதிரி கீது?"

பொய் சொல்ல எனக்கும் வரவில்லை. டப்பாக்களை நகர்த்தினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பாட்டிலுக்கு அரையடி தூரம் குனிந்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். திருப்பச் சொல்லித் தங்க முத்திரையைப் பார்த்தார். "இதானா?" என்றார். இதுதான் என்றேன். அக்காவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன். வெளியே போகப் போனவர் வாசற்படியில் நின்று, கோபமாகவே சொன்னார்: "பருப்பு டப்பா பின்னாடி ஒளிச்சு வெக்கறதுக்கு எம் பேர இன்னா திருடிக்கினா வந்தா அவ? பேரு கீற பக்கம் தெரியறமாதிரி கூடத்துல வை."

அப்படி வந்ததுதான் அலமாரியில் இந்தப் பாட்டில். அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். அப்போது இவர் முகம் திருப்பிக்கொண்டால் அவளை நான் எப்படித் தேற்றுவேன்? போன மாதமும் நைனா மருந்து வாங்க வந்தார். செருப்பைக் கழற்றியதும் அலமாரி முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேரு மேல தூசி படிஞ்சிக் கீது பாரு. நான் தொடக்கூடாது. நீ தொடச்சி வை" என்றார்.

என் தலையிலும் கை வைத்துத்தான் அன்றைக்குச் சத்தியம் செய்தார் என்பதை நான் நினைவூட்டவில்லை. நான் முந்தானையால் துடைத்து வைத்தேன்.