ஏரி இல்லாத வரைபடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொல்லியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த தோழி ஒருத்தி சனிக்கிழமை மதியங்களில் வருவாள். பீர்க்கன்கரணைக்கு அப்பால் குன்றடியில், இரும்புக் கால மக்கள் இறந்தவர்களைப் புதைத்த கல்வட்டங்கள் இருந்தன.

"செத்தப்புறம் எங்க இருந்தாங்கன்னு தெரியும். உயிரோட எங்க இருந்தாங்கன்னுதான் தெரியல" என்பாள்.

அதைக் கணினியிடம் கேட்டுப் பார்த்தோம். நிலத்தின் மேடு பள்ளங்களை எண்களாக்கினோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி. தண்ணீரை ஒட்டிப் போ, வெள்ளம் வந்தால் விலகு, விளையாவிட்டால் இடம் மாறு. புள்ளிகளுக்கு நான் எழுதிய விதிகள் அவ்வளவுதான். மின்விசிறி சுழல, அரைத்தூக்கத்தில் அவை ஊர்வதைப் பார்த்திருப்பேன். ஒரு புள்ளி தனித்து நின்றால் மனசு என்னவோ செய்யும்.

புள்ளிகள் பீர்க்கன்கரணை ஏரியின் தென்கரையில் கூடின. இரண்டு ஞாயிறுகள் அங்கே நடந்தோம். ஒன்றும் இல்லை. தன் வயலை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் வயதுதான் இருக்கும், எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாக்கா தேடிகினு கீறீங்க?"

தோழி சொன்னாள். அவர் யோசித்தார்.

"ஏரியே கரை கட்டுனதாலதானக்கா ஏரி? கரை இல்லன்னா தண்ணி இங்க ஏன் நிக்கப்போவுது?"

அந்த மக்களுக்கு வெகு பின்னால் வந்த ஏரியை நான் அவர்கள் காலத்தில் வைத்துவிட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஏரியை அழித்தேன். புள்ளிகள் திக்குத் தெரியாமல் சிதறின. பிறகு ஒவ்வொன்றாகக் குன்றிலிருந்து இறங்கும் ஓடையோரம் போய் அமர்ந்தன.

மறுநாள் போனபோது அந்த இடத்தில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குவித்த மண்ணில், கல்வட்டங்களில் கிடைப்பவை போலவே, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள். பள்ளத்தின் சுவரில் சாம்பல் படிந்த அடுப்புக்குழி ஒன்று. தோழி அதன் எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு நாள் எடுத்துக்கோம்மா" என்றார் வீட்டுக்காரர். "அப்புறம் அஷ்டமி வந்துடும்."

அவள் வரைந்தாள், நான் அளவு நாடாவைப் பிடித்தேன். மண் சுமந்த சித்தாள் பெண் குனிந்து பார்த்தாள்.

"இங்க சோறு ஆக்கினாங்களாக்கா?"

"ஆமா."

"எத்தினி பேருக்கு?"

தோழி நாடாவைக் குழியின் குறுக்கே இன்னொரு முறை பிடிக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் காலை பள்ளத்தில் ஜல்லி கொட்டினார்கள்.