நாகவல்லியின் வாரம்

எண்பத்தெட்டில் அம்பத்தூரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது யாருக்கும் யாரையும் தெரியாது. சங்கம் ஆரம்பித்து, தெரு பெருக்குவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, விடிகாலை ஐந்து மணிக்குத் தெருக்குழாய் வால்வைத் திறப்பது என்று வேலைகளை வீட்டுக்கு ஒரு வாரமாகப் பிரித்தோம். சேர்ந்து சேறு அள்ளிய பிறகுதான் அக்கா, அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வால்வு முறை மட்டும் நாகவல்லி வீட்டோடு நின்றுவிட்டது. முறைக்காரருக்கு முடியாவிட்டால் வால்வுச் சாவி முந்தின வீட்டிலேயே இருக்கும். அடுத்த வீடு சொர்ணம். அவளுக்கு முதலில் பிரசவம், பிறகு இடுப்புவலி. ஐந்து வருஷம் ஓடிப்போனது. வேப்பம்பட்டில் இருந்த அம்மா வீட்டில் நாகவல்லி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கேட்க வேண்டிய நாங்கள் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தோம்.

தொண்ணூற்று மூன்றில், தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் அவளுக்குத் தையல் வேலை கிடைத்தது. கம்பெனி வேன் ஆறு மணிக்கு வரும். வால்வை மூட ஆறரை ஆகும்.

"திங்கக்கெழம வேன்ல ஏறணும்க்கா. நாளைக்கு சங்கத்துல சாவிய குடுத்துடறேன்" என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கூட்டத்தில் அவள் வாய் திறப்பதற்குள் செயலாளர் கஜபதி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இந்தத் தங்கச்சி இல்லாங்காட்டி நம்ம தெரு இன்னா ஆவும்? இனிமே முறையே வாணாம். சாவி தங்கச்சி கையிலயே இருக்கட்டும்!"

எல்லோரும் கைதட்டினோம். விஷயம் தெரிந்த நானும் வெட்கமில்லாமல் தட்டினேன்.

"வேல கெடச்சிகீது, அண்ணாத்தே..." என்றாள் அவள்.

"வேலயா? எங்கள உட்டுட்டு போயிடுவியா நீ?" என்று அவர் சிரித்தார். சொர்ணம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யாராவது திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். இத்தனை பாசத்தை எப்படித் திட்டுவாள்? சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கம்பெனிக்காரர்கள் ஒரு வாரத்தில் வேறு ஆளை எடுத்தார்கள். சொர்ணத்தைத்தான். இடுப்புவலி போன இடம் தெரியவில்லை.

முதல் நாள் காலை தெருமுனையில் வேன் நின்றது. நாகவல்லி வால்வடியில் இருந்தாள். சொர்ணம் வேனில் ஏறி ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "எங்க ஊட்டு கொடத்தையும் ரொப்பி வெச்சிடுக்கா!"

நாகவல்லி அந்தக் குடத்தையும் எடுத்து நிரப்பினாள். அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் பிடித்தேன்.