அவள் தூக்கிய வலக்கை

யுத்தம் நடந்த வருஷங்களில் திருத்தணியில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. 'ஹாப்பி'க்கு முன்னால் 'அன்' போட்டால் சந்தோஷம் போய்விடும், 'பாசிபிள்'ளுக்கு 'இம்', 'ஆனஸ்ட்'டுக்கு 'டிஸ்' என்று ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மையார்குப்பத்து நெசவாளி மகள் ஒருத்தி, அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள், எல்லாவற்றுக்கும் 'அன்'னையே ஒட்டினாள். மண்டையில் களிமண் என்று எல்லார் முன்னாலும் அவளைச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு, பெரிய டீச்சருக்குத் தெரியாமல் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலக்கை, தெரியாதவள் இடக்கை. வலக்கைகளை மட்டும் எழுப்புவேன். பார்க்கிறவருக்கு வகுப்பே மேதாவி. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு இடக்கைதான் என்று சொல்லிவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பதிலாவது சொன்னால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் தறி வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும்.

அன்று ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வலக்கையைத் தூக்கினாள். கழுதைக்கு வலது இடதுகூட மறந்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை எழுப்பினேன்.

இன்ஸ்பெக்டர் போனதும் மேஜையருகே வந்து நின்றாள்.

"தெரிஞ்சிதான் டீச்சர் இந்தக் கையத் தூக்கினேன். ஒரு வாரமா படிச்சிகினு இருந்தேங்க."

நம்பாமல் ஏழெட்டு வார்த்தை கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. தமிழில் 'இல்லை' என்பதைக் கடைசியில் சொல்கிறோம், இங்கிலீஷ்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அதற்குள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். கூடவே பெரிய டீச்சரும் வந்தார்.

"எம் பொண்ணு எதுனா பதில் சொல்லிச்சிங்களா?" என்று அவர் கேட்டார்.

நடந்ததைச் சொன்னால் என் தந்திரம் அம்பலமாகிவிடும், வேலையும் போகும்.

"இல்லைங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள். திங்கட்கிழமை அவள் இடம் காலியாக இருந்தது.

நான் பொய் சொல்லவில்லையே, அவள் நிஜமாகவே பதில் சொல்லவில்லையே என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்ல விடாதவள் நான்.