பட்டை குறையாத டப்பா

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டோம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம். ரெட்டியார்பாளையத்தில் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் சமையலறை என்று நீளவாக்கில் ஒரு வீடு. அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான். நாலு பேருக்கும் ஒரே கழிப்பறை, அதுவும் கொல்லையில். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் உடம்புக்கு என்ன என்று மற்றவருக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில்தான் எங்கள் சாமர்த்தியமெல்லாம்.

கொல்லையில் ஓர் அசோக மரம் நின்றது. பள்ளிக்கூட மதிலோரம் ஒட்டடைக் கம்பு போல நெட்டையாக நிற்குமே, அது இல்லை. இது மலைக்காட்டில் ஓடைக்கரையில் வளர்கிற நிஜமான அசோகம். நான் பிறந்த வருடம் பங்குக் கோயில் திருவிழாவில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்களாம். மாவையும் கொய்யாவையும் முன்னால் நின்றவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு கடைசியில் போய் நின்ற அம்மாவுக்கு யாருக்கும் வேண்டாத காட்டுமரம்தான் மிஞ்சியது. "இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு ரெண்டு புள்ளைய தூக்கினு வந்தேன்" என்று அம்மா சொல்லுவாள். அந்த இரண்டு பிள்ளைகளில் அவள் அதிகம் கொஞ்சியது எதை என்று எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம் உண்டு.

அது செல்லம் கேட்கிற மரம். உச்சி வெயில் ஆகாது. வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, ஆனால் ஈரம் காயவும் கூடாது. பக்கத்து மாடிவீட்டின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா அதை வைத்திருந்தாள். சோப்புத் தண்ணீர் ஒரு பக்கமும் அலசின தண்ணீர் மரத்துப் பக்கமும் ஓடும்படி அவளே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தாள். புதுத்தளிர் விட்டால் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு மரம் செத்துப்போச்சு என்று நான் அழுதேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "அதோட கொழுந்தே அப்பிடித்தான்டி, மக்கு" என்றாள்.

அம்மாவுக்கு அந்த மரத்தின் மேல் ஒரே ஒரு குறைதான். அது தவக்காலத்தில் பூக்கும். எங்களுக்கோ தவக்காலம் நாற்பது நாளும் பீடத்துக்குப் பூ கிடையாது. மரம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும், வீட்டில் மாதா சுரூபம் வெறுமனே இருக்கும். ஈஸ்டர் வருவதற்குள் பூவெல்லாம் உதிர்ந்து துவைக்கிற கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஈஸ்டருக்காவது மாதாவுக்கு இந்தப் பூவை வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வேறு ஆசை எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பத்து வயது. ஆகஸ்ட் கடைசி, வேளாங்கண்ணியில் கொடியேற்றிய வாரம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு வாளி மூடி வைத்திருந்தது. திறந்தேன். தண்ணீர் முழுக்கச் சிவப்பு. ஊறிக்கொண்டிருந்தவை அம்மாவின் பழைய புடவைத் துண்டுகள். பின்னாலேயே அம்மா வந்து நின்றாள். திட்டவில்லை. மூடியை வாங்கி வாளியை மூடினாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. அத்தகிட்டயும் சொல்லாத. கொஞ்ச நாள்ல நின்னுடும்."

மாதாமாதம் வருவது நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அம்மாவுக்கு எங்கேயோ பெரிய காயம், வெளியே சொன்னால் அவளுக்கு வெட்கம், அவ்வளவுதான் புரிந்தது. என்னிடம் ஒரு ரகசியத்தை ஒப்படைத்துவிட்டாளே என்பதில் கொஞ்சம் பெருமை கூட. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த நாள் அம்மா சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அடிமரம் என் இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும் பருமன்தான். இடுப்பு உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மூன்று விரல் அகலமாகப் பட்டையை உரித்தாள். வெட்டின இடத்தில் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, மேலே ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள். பட்டையை நிழலில் உலர்த்தி, இடித்து, பக்கத்து வீட்டுக்குப் பாரீசிலிருந்து வந்த ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்தாள். காலையும் சாயங்காலமும் அதில் ஒரு கரண்டி எடுத்து, பாலும் தண்ணீருமாகச் சேர்த்து, தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சிக் குடித்தாள். அவளுடைய அம்மா ஊரில் பெண்களுக்கு இதைத்தான் கொடுப்பார்களாம்.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுத்த எடத்துலயே திரும்ப எடுக்கக் கூடாது. காயம் ஆறணும் இல்ல? அடுத்த வாட்டி வேற எடமா பாத்து எடுக்கணும்" என்றாள். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

கஷாயம் குடித்தும் வாளி மூடியபடியேதான் இருந்தது. ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. தீர்ந்துபோனால் அம்மா என்ன ஆவாள் என்று பயம் வந்துவிட்டது. அவள் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போன நேரத்தில் பென்சில் சீவும் பிளேடையும் ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போனேன். சாக்கை அவிழ்த்தால் களிமண் பூச்சு தெரிந்தது. மண் படாத இடத்தில் கோடு போட்டு, கீறி, நெம்பி எடுத்தேன். கை கிழிந்தது. மண் குழைத்துப் பூசினேன். சாக்கைப் பழையபடி கட்டினேன். பட்டையை மொட்டைமாடியில் காயவைத்து, கல்லால் தட்டி, டப்பாவில் கலந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நாங்கள் யாரும் யாரிடமும் எதையும் சொல்லமாட்டோமே.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினாள். முகமெல்லாம் பூரித்திருந்தது.

"பாத்தியா? எத்தினி மாசமா எடுக்கறேன், குறையவே மாட்டேங்குது. மாதா புதுமைடி இது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான்தான் அந்த மாதா என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லி அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கே ஓர் இடத்தில் இடித்தது. நான் போட்டதைவிட டப்பாவில் அதிகம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் நானும் நம்பிவிட்டேன். பாதி நான் போடுகிறேன், மீதி மாதா போடுகிறாள்.

மாதா போடவில்லை. ஆனால் அந்தப் புதுமையை நம்பித்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முடியாமல் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம், டாக்டரிடம் போகலாமா என்று நானே கேட்டிருக்கிறேன். "மாதாவே மருந்து குடுக்கறப்போ டாக்டர் எதுக்கு? ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்" என்றாள். டப்பா காலியாகியிருந்தால் போயிருப்பாள். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை. காலியாகியிருந்தால் போயிருப்பாள்.

அந்த வருடம் மரம் பூத்தது போல அதற்கு முன் பூத்ததில்லை. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பூ. இலை தெரியவில்லை. உதிர உதிரப் பூத்து, ஈஸ்டர் தாண்டியும் நின்றது. ஈஸ்டர் காலையில் அம்மா இரண்டு தட்டு நிறையப் பறித்து, ஒன்றை வீட்டு மாதாவுக்கும் ஒன்றைக் கோயில் பீடத்துக்கும் வைத்தாள். அவள் ஆசை நிறைவேறியது. அப்பா மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி உள்ளே போனார். அத்தை பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று மரமே வந்து சொன்ன மாதிரி எங்களுக்கு இருந்தது.

பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டுச் சொல்தா சம்சாரம் அம்மாவின் தாடையைப் பிடித்துப் பார்த்தது. அந்தம்மா புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "என்னாம்மா, மதாம் மாதிரி கலர் வந்துட்ட. என்னா பூசற?" என்றது. அம்மா நிஜமாகவே வெளுத்திருந்தாள். நகக்கண், உதடு, காது மடல் எல்லாம் வெளுப்பு. கறுப்பு அம்மாவுக்குப் பிறந்த கறுப்புப் பெண்ணான எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் எங்க அம்மா சிவப்பாகிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் துவைக்கிற கல்லருகே அம்மா விழுந்தாள். ஆட்டோவில் போட்டுக் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார்.

"பொங்கல்லேர்ந்து" என்றார் அப்பா.

"இல்ல தம்பி, அதுக்கும் முன்னாடி, கல்லறைத் திருநாள்லேர்ந்து" என்றாள் அத்தை.

என்னை யாரும் கேட்கவில்லை. "வேளாங்கண்ணி கொடி ஏத்துனதுலேர்ந்து" என்றேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னார்களாம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்றும் சொன்னார்களாம். அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்பா எங்களிடம் சொல்லவில்லை. நான் வளர்ந்த பிறகு அத்தைதான் சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அம்மா இறந்தாள். வெள்ளைப் புடவையில் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தவர்கள் அப்போதும் என்ன நிறம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் மரம் காய்ந்தது. இலை பழுத்து உதிரவில்லை, கிளையிலேயே சுருண்டு நின்றது. கொழுந்து துவண்டால் செத்துவிட்டது என்று அழுத நான், அது நிஜமாகச் செத்தபோது அழவில்லை. மழைக்குச் சாய்ந்துவிடுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெட்டப் போனார். அத்தை கூடமாட இருந்தாள். நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். சாக்கை அவிழ்த்ததும் காய்ந்த மண் பாளம் பாளமாகக் கீழே விழுந்தது.

மரத்தைச் சுற்றிப் பட்டையே இல்லை. வளையல் போட்ட மாதிரி முழு வட்டம். கண்ணுள்ள யாருக்கும் தெரியும், ஒரு கை வெட்டினது இல்லை அது. ஒரு பக்கம் அம்மாவின் சமையலறைக் கத்தி நேராக இறங்கியிருந்தது. அடுத்து, வயரிங் வேலை செய்யும் அப்பா ஒயர் சீவுகிற கத்தியால் எடுத்த மெல்லிய சீவல்கள். அடுத்து, மீன் செதில் எடுக்கிற கத்தியின் பல் பல்லான தடம். ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் சமைத்த காலத்திலிருந்து அத்தை வைத்திருந்த கத்தி அது. எடுத்த இடத்திலேயே யாரும் திரும்ப எடுக்கவில்லை. வேறு இடமாகப் பார்த்து எடுத்திருந்தோம். ஒவ்வொருவரும் ஒழுங்காக மண் பூசியிருந்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பூசிய மண்ணை அம்மா பூசியது என்று நினைத்திருந்தோம்.

பட்டைக்கு அடியில்தான் இலை சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்குகிறது, அந்த வழி அடைபட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும், இறங்க வழியில்லாமல் மேலேயே தங்கிவிடுகிற சத்தில் மரம் சாகுமுன் தாறுமாறாகப் பூக்கவும் பூக்கும் என்று பின்னால் கல்லூரியில் ஒரு ஆசிரியை பாடம் நடத்தினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்பா அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

"கரையான்" என்றார்.

"ஆமா, கரையான்தான்" என்றாள் அத்தை.

மருந்துக்குக்கூட ஒரு கரையான் அங்கே இல்லை. "கரையான்" என்று நானும் சொன்னேன். அப்பா வெட்டினார். அதற்கப்புறம் இதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. அப்பா இன்றைக்கும் இருக்கிறார். இன்றைக்கும் நான் கேட்கவில்லை.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கடைசியாக வெட்டியது நான்தான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாள் அது. சாக்கை அவிழ்த்துச் தடவித் தடவிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் மண் பூசியிருந்தது. அழுகை வந்துவிட்டது. கடைசியில் மாடிவீட்டுச் சுவர்ப் பக்கம், கையை வளைத்து விட்டால்தான் எட்டும் இடத்தில், ஒரே ஒரு விரலகலத்துக்குப் பட்டை மிச்சமிருப்பது விரலில் தட்டுப்பட்டது. எனக்காகவே விட்டு வைத்த மாதிரி இருந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டேன்.